பழைய விசைப்பலகைக்கு ஒரு துபாஷி!

டி.வி. விளையாட்டுப் பெட்டியின் பலகை புதுக் கம்ப்யூட்டரோடு பேசும் அதிசயம்

ஞாயிற்றுக்கிழமை புதுச்சேரி காந்தி வீதிக்குப் போய்ப் பாருங்கள். கால் வைக்க இடம் இராது. அதுதான் 'சண்டே மார்க்கெட்'! சட்டை, பாவாடை, செருப்பு, பாத்திரம், பொம்மை, பழைய புத்தகம் என்று வீதி நெடுகக் கடைகள்.

இது போன்ற சந்தைகளிலும், பழைய சாமான் கடைகளிலும், சில வீட்டுப் பரண்களிலும் ஒரு பொருள் தூங்கிக் கொண்டிருக்கிறது. பார்த்தால் கம்ப்யூட்டரின் 'கீ போர்டு' மாதிரி இருக்கும். எழுத்துகள் இருக்கும். எண்கள் இருக்கும். ஆனால் அது கம்ப்யூட்டருக்காகச் செய்தது அல்ல. டி.வி.யில் 'கேம்' விளையாடுவதற்காகச் செய்த விசைப்பலகை!

அதை வாங்கி வந்து புதுக் கம்ப்யூட்டரில் மாட்டலாம் என்று பார்த்தால் மாட்ட முடியாது. ஒயரின் முனையே வேறு. எப்படியோ மாட்டினாலும் ஓர் எழுத்துகூட வராது.

"இது செத்துப் போய்விட்டது. எடைக்குத்தான் போடவேண்டும்" என்று பலர் சொல்லி விடுகிறார்கள்.

அது செத்துப் போகவில்லை. அதன் பேச்சு கம்ப்யூட்டருக்குப் புரியவில்லை. அவ்வளவுதான்!

அப்படியானால் என்ன செய்வது? புதுச்சேரிக்காரர்களுக்கு இந்தக் கேள்விக்குப் பதில் நன்றாகத் தெரியும். ஒருவர் பேச்சு மற்றவருக்குப் புரியாவிட்டால், நடுவில் ஒரு துபாஷி வேண்டும்!

யார் இந்தத் துபாஷி?

அந்தக் காலத்தில் புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்கள் ஆட்சி நடந்தது. கவர்னருக்குத் தமிழ் தெரியாது. ஊர் வியாபாரிகளுக்குப் பிரெஞ்சு தெரியாது. இரண்டு பாஷையும் தெரிந்தவர் நடுவில் நின்று பேசினார். அவர்தான் துபாஷி. 'து' என்றால் இரண்டு. பாஷி என்றால் பாஷை தெரிந்தவர்.

அவர்களில் பெரும் புகழ் பெற்றவர், ஆனந்தரங்கப் பிள்ளை. 1709-ம் ஆண்டில் பிறந்தவர். 1747-ல் கவர்னர் டூப்ளேயின் தலைமைத் துபாஷி ஆனார். 1736 முதல் 1761 வரை அவர் தமிழில் எழுதிய நாட்குறிப்பு உலகப் புகழ் பெற்றது. அவர் பெயரில் புதுச்சேரியில் ஒரு வீதியே இருக்கிறது.

பழைய விசைப்பலகைக்கும் புதுக் கம்ப்யூட்டருக்கும் நடுவில் அதே வேலையை இன்று ஒரு சின்னஞ்சிறு 'சிப்' செய்கிறது. அது விரல் நீளம்தான் இருக்கும்!

அது எப்படி என்று பார்ப்பதற்கு முன், இந்தப் பலகை எங்கிருந்து வந்தது என்பதைப் பார்த்து விடுவோம்.

ஜப்பானில் பிறந்தது

1983-ம் ஆண்டு ஜூலை மாதம். ஜப்பானில் 'நின்டெண்டோ' என்ற கம்பெனி ஒரு விளையாட்டுப் பெட்டியை விற்பனைக்குக் கொண்டு வந்தது. அதன் பெயர் 'பேமிலி கம்ப்யூட்டர்'. அதாவது, குடும்பக் கம்ப்யூட்டர். பெயரில்தான் கம்ப்யூட்டர். வாங்கியவர்கள் அதில் விளையாடத்தான் செய்தார்கள்.

1984-ம் ஆண்டு ஜூன் மாதம் அந்தப் பெட்டிக்கு என்றே தனியாக ஒரு விசைப்பலகை வந்தது. அதில் 72 விசைகள். ஆங்கில எழுத்தும் இருக்கும். ஜப்பானிய எழுத்தும் இருக்கும். அதை வைத்துச் சிறுவர்கள் தாங்களே சிறு சிறு விளையாட்டுகளை எழுதலாம். 'பேசிக்' என்ற எளிய கம்ப்யூட்டர் மொழியில் எழுதவேண்டும்.

இந்தப் பெட்டியைப் பார்த்து மற்ற நாடுகளில் அதே போல் செய்யத் தொடங்கினார்கள். சீனாவில் 'சுபோர்' என்ற கம்பெனி விசைப்பலகைக்கு உள்ளேயே முழு விளையாட்டுப் பெட்டியையும் அடக்கி விட்டது. அதைப் 'படிக்கும் யந்திரம்' என்று சொல்லி விற்றது. சண்டைப் படங்களில் நடிக்கும் ஜாக்கி சான்கூட அதற்கு விளம்பரம் செய்தார்!

இதே மாதிரிப் பெட்டிகள் இந்தியாவுக்கும் வந்தன. 1990-களிலும் 2000-த்துக்குப் பிறகும் தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும் அவற்றைப் பார்க்காத தெரு குறைவு. இங்கே அதற்குப் பெயர் 'டி.வி. கேம்'. மேலே மஞ்சள் நிறக் 'கேசட்'டைச் செருகுவார்கள். அதில் 'மாரியோ' குதிப்பார். 'கான்ட்ரா'வில் துப்பாக்கி வெடிக்கும். கேசட்டின் மேல் '9999 விளையாட்டுகள்' என்று அச்சடித்திருக்கும். உள்ளே இருப்பவையோ ஒரு சில! அவையே திரும்பத் திரும்ப வரும்.

விசைப்பலகையோடு வந்த பெட்டிக்குத் தனி மதிப்பு. "இது கம்ப்யூட்டர். டைப் அடிக்கலாம். கணக்குப் போடலாம்" என்று கடைக்காரர் சொல்வார். உண்மையான கம்ப்யூட்டர் வாங்கப் பல ஆயிரம் ரூபாய் வேண்டும். அவ்வளவு பணத்துக்கு எங்கே போவது? "பிள்ளை கம்ப்யூட்டர் படிக்கட்டும்" என்று ஆசைப்பட்டுப் பெற்றோர்கள் இதை வாங்கிக் கொடுத்தார்கள்.

பிள்ளைகள் பெரும்பாலும் மாரியோதான் விளையாடினார்கள்! ஆனாலும் எத்தனையோ பேர் முதன்முதலாக ஒரு விசையைத் தட்டி, ஓர் எழுத்து திரையில் வருவதைப் பார்த்தது இந்தப் பலகையில்தான். பல பெட்டிகளில் எழுதியதைச் சேமித்து வைக்க வழி கிடையாது. சுவிட்சை அணைத்தால் எழுதியதும் போய்விடும். என்றாலும் அந்த எழுத்து வந்ததே, அந்தச் சந்தோஷம் போகாது.

500 ரூபாய்க்கு ஒரு பள்ளிக்கூடம்

இந்தப் பெட்டியை விளையாட்டுச் சாமானாகப் பார்க்காத ஒருவரும் இருந்தார். அவர் பெயர் டெரெக் லோமாஸ். அமெரிக்க மாணவர். இந்தியச் சந்தையில் இந்த டி.வி. கம்ப்யூட்டர் சுமார் 12 டாலருக்கு விற்பதைப் பார்த்தார். அன்றைய கணக்கில் ஏறக்குறைய 500 ரூபாய். "இவ்வளவு மலிவான யந்திரத்தில் பாடம் சொல்லிக் கொடுத்தால் என்ன?" என்று அவருக்குத் தோன்றியது.

2008-ம் ஆண்டில் அவரும் நண்பர்களும் 'பிளேபவர்' என்ற திட்டத்தைத் தொடங்கினார்கள். ஏழைக் குழந்தைகள் விளையாடிக் கொண்டே படிப்பதற்கான விளையாட்டுகளை இந்தப் பெட்டிக்காக எழுதுவது அவர்கள் நோக்கம்.

பெட்டியின் மூளை ஒன்றும் லேசானது அல்ல. அது '6502' என்ற சிப்பின் வம்சம். அந்தச் சிப் 1975-ல் வந்தது. அப்போது அதன் விலை 25 டாலர். 1977-ல் வந்த புகழ் பெற்ற 'ஆப்பிள்-2' கம்ப்யூட்டரிலும் அதே சிப்தான் மூளை. எனவே, பெற்றோர்களிடம் கடைக்காரர் சொன்னது முழுப் பொய் அல்ல!

ஏன் நேராக மாட்ட முடியாது?

இன்றைய கம்ப்யூட்டரில் விசைப்பலகையை மாட்டும் துளைக்கு 'யு.எஸ்.பி.' என்று பெயர். இந்த முறை 1996-ல் வந்தது. இதை உருவாக்கிய குழுவின் முக்கிய மனிதர் ஓர் இந்தியர்! அவர் பெயர் அஜய் பட். குஜராத் மாநிலம் வடோதராவில் என்ஜினீயரிங் படித்தவர். 'இன்டெல்' கம்பெனியில் வேலை பார்த்தவர்.

அதற்கு முன் ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒவ்வொரு முனை. ஒவ்வொரு பேச்சு. ஜப்பான் பலகையின் முனையில் 15 ஊசிகள். நம் ஊர் டி.வி. கேம் கைப்பிடி ஒயரில் 9 துளைகள்.

முனையை மட்டும் வெட்டி யு.எஸ்.பி. முனையை ஒட்டினால் வேலை செய்யுமா? செய்யாது. பேச்சு புரியாத இருவரை ஒரே அறையில் உட்கார வைத்தால் மட்டும் போதுமா?

வீதியும் சந்திப்பும்

பலகைக்கு உள்ளே என்ன இருக்கிறது? 72 விசைகளுக்கும் தனித்தனிக் கம்பி போட்டால் 72 கம்பி வேண்டும். பொதுக் கம்பி ஒன்றையும் சேர்த்தால் 73. பலகை முழுவதும் கம்பியாகி விடும். அதனால் ஒரு தந்திரம் செய்தார்கள். அந்தத் தந்திரத்தைப் புரிந்துகொள்ளப் புதுச்சேரி நகரமே போதும்!

புதுச்சேரியின் வீதிகள் கோடு போட்டது போல் நேராக இருக்கும். டச்சுக்காரர்கள் 1693 முதல் 1699 வரை இந்த ஊரை வைத்திருந்தார்கள். அப்போது அவர்கள் போட்ட திட்டத்தில் இருந்து வந்த அமைப்பு இது. நேரு வீதியும் ரங்கப்பிள்ளை வீதியும் கிழக்கு மேற்காகப் போகின்றன. மிஷன் வீதியும் காந்தி வீதியும் வடக்கு தெற்காகப் போகின்றன. ஒரு சந்திப்பைச் சொல்ல இரண்டு வீதிகளின் பெயரைச் சொன்னால் போதும்.

விசைப்பலகையும் இப்படித்தான். குறுக்கே 9 கம்பிகள். நெடுக்கே 8 கம்பிகள். ஒன்பதை எட்டால் பெருக்கினால் 72. ஒவ்வொரு சந்திப்பிலும் ஒரு விசை. 73 கம்பிக்குப் பதிலாக 17 கம்பியில் வேலை முடிந்தது!

சாதாரணமாகச் சந்திப்பில் இரண்டு கம்பிகளும் ஒன்றை ஒன்று தொடாது. விசையை அழுத்தினால்தான் தொடும்.

எந்த விசை அழுத்தப்பட்டது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? முதல் குறுக்கு வீதியில் மட்டும் கொஞ்சம் மின்சாரத்தை அனுப்பவேண்டும். அது எந்த நெடுக்கு வீதியில் வந்து சேருகிறது என்று பார்க்கவேண்டும். எதிலும் வரவில்லையா? அடுத்த வீதி. பிறகு அதற்கு அடுத்த வீதி. இரவு நேரத்தில் போலீஸ்காரர் ரோந்து போவது மாதிரி! இந்த ரோந்தை ஒரு விநாடியில் நூற்றுக்கணக்கான தடவை சுற்றி வரமுடியும். நம் விரல் விசையைத் தொட்டு எடுப்பதற்குள் பல முறை ரோந்து முடிந்து விடும்.

ஜப்பான் பலகையில் இந்த ரோந்துக்கு இன்னும் சுருக்கமான வழி உண்டு. பெட்டியில் இருந்து "முதலில் இருந்து தொடங்கு" என்று ஓர் உத்தரவு வரும். உடனே பலகை நான்கு விசைகளின் நிலையைக் காட்டும். "அடுத்தது" என்று உத்தரவு வரும். அடுத்த நான்கைக் காட்டும். இப்படி 18 தடவை. நாலு பதினெட்டு எழுபத்திரண்டு! மின்சாரக் கம்பி இரண்டையும் சேர்த்து 9 கம்பிகளில் எல்லாம் முடிந்து விடுகிறது.

துபாஷியை வேலைக்கு வைப்போம்

இப்போது துபாஷியின் வேலை புரிந்திருக்கும். ஒரு பக்கம் ரோந்து போய், எந்த விசை அழுத்தப்பட்டது என்று அறியவேண்டும். மறுபக்கம் அதை யு.எஸ்.பி. பாஷையில் கம்ப்யூட்டரிடம் சொல்லவேண்டும்.

இதற்கு ஏற்ற சிறு பலகைகள் கடையில் கிடைக்கின்றன. இரண்டின் பெயரைத் தெரிந்து வைத்துக்கொண்டால் போதும்.

ஒன்று, 'ஆர்டுயினோ லியோனார்டோ'. ஆர்டுயினோ 2005-ல் இத்தாலியில் பிறந்தது. மாணவர்களுக்காகச் செய்தது. அதில் பல ரகம் உண்டு. லியோனார்டோ ரகம், தன்னையே ஒரு விசைப்பலகை என்று கம்ப்யூட்டரிடம் சொல்லிக்கொள்ளும். 'யூனோ' என்ற பழைய ரகத்துக்கு நேராக அந்தத் திறமை கிடையாது. வாங்கும்போது கவனியுங்கள்.

இன்னொன்று, 'ராஸ்பெர்ரி பை பிக்கோ'. 2021 ஜனவரியில் 4 டாலர் விலையில் வந்தது. கம்பி மாட்ட 26 முனைகள் இருக்கின்றன. 17 கம்பிக்குத் தாராளமாகப் போதும்.

ஒரு விஷயம் முக்கியம். ஜப்பான் பலகை 5 வோல்ட்டில் வேலை செய்யும். லியோனார்டோவும் 5 வோல்ட்தான். இரண்டுக்கும் ஒத்துப் போகும். பிக்கோவின் முனைகளோ 3.3 வோல்ட்டுக்கு உரியவை. அதற்கு நேராக 5 வோல்ட் கொடுத்தால் கெட்டுப் போகலாம். நடுவில் வோல்ட்டைக் குறைக்கும் சிறு பலகை ஒன்று வைக்கவேண்டும். ஆனால், உள்ளே சிப் எதுவும் இல்லாமல் வெறும் கம்பிச் சந்திப்பு மட்டும் இருந்தால் பிக்கோவே போதும்.

துபாஷிக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கும் புரோகிராம்களும் இருக்கின்றன. 'க்யூ.எம்.கே.' என்பது ஒன்று. விலை கிடையாது. யார் வேண்டுமானாலும் எடுத்துக் கொள்ளலாம்.

செய்வது எப்படி?

1. முதலில் பலகையை எல்லா மின்சாரத்தில் இருந்தும் பிரித்து விடுங்கள். திருகுகளைக் கழற்றித் திறந்து பாருங்கள். விசைக்கு அடியில் ரப்பர் குமிழ்கள் இருக்கலாம். அதற்கும் கீழே மெல்லிய பிளாஸ்டிக் தாள் இருக்கலாம். அந்தத் தாளில் வீதி மாதிரிக் கோடுகள் தெரியும்.

2. சுத்தம் செய்யுங்கள். கடற்கரை ஊரில் உப்புக் காற்றுக்குக் கேட்கவேண்டாம். செம்பு முனையில் பச்சையாகக் களிம்பு பிடித்திருக்கும். ஐசோபுரோபைல் ஆல்கஹாலைப் பஞ்சில் தொட்டு மெதுவாகத் துடைக்கலாம். நன்றாகக் காயவேண்டும்.

3. 'மல்டிமீட்டர்' என்ற கருவியை எடுத்துக் கொள்ளுங்கள். அதில் 'பீப்' சத்தம் வரும் நிலையில் வையுங்கள். ஒரு விசையை அழுத்திக்கொண்டு, இரண்டு இரண்டு முனைகளாகத் தொட்டுப் பாருங்கள். எந்த இரண்டில் 'பீப்' வருகிறதோ, அதுதான் அந்த விசையின் இரண்டு வீதிகள். குறுக்கும் நெடுக்குமாகக் கட்டம் போட்டு எழுதி வையுங்கள். எல்லா விசைகளுக்கும் இப்படிச் செய்யவேண்டும். பொறுமையான வேலை இதுதான். வீட்டில் ஒருவர் விசையை அழுத்தலாம். ஒருவர் மீட்டரைப் பிடிக்கலாம். ஒருவர் எழுதலாம்.

4. கம்பிகளைத் துபாஷியின் முனைகளோடு சேருங்கள். பிளாஸ்டிக் தாளில் நேராகச் சூடு வைத்துப் பற்றவைக்கக் கூடாது. தாள் உருகி விடும். தாள் போய்ச் செருகும் இடத்தில்தான் பற்றவைக்க வேண்டும். பலகைக்குள்ளேயே டி.வி. கேம் சிப் இருந்தால், கறுப்புப் பொட்டு மாதிரித் தெரியும். அதற்குப் போகும் தடங்களைப் பிரித்து விடவேண்டும். இல்லாவிட்டால் அதுவும் நடுவில் புகுந்து குழப்பம் செய்யும்.

5. எழுதி வைத்த கட்டத்தைப் புரோகிராமில் சேர்த்து, சிப்பில் ஏற்றுங்கள். யு.எஸ்.பி. ஒயரைக் கம்ப்யூட்டரில் மாட்டுங்கள். கம்ப்யூட்டர், "புதிதாக ஒரு விசைப்பலகை வந்திருக்கிறது" என்று ஏற்றுக்கொள்ளும். அதற்குத் துபாஷி மட்டும்தான் தெரியும். பின்னால் இருக்கும் பழைய பலகை தெரியாது!

அதற்கு உரிய சிறு ஒயர் இருந்தால், பெரும்பாலான ஆண்ட்ராய்டு செல்போன்களிலும் இதை மாட்டலாம். கம்ப்யூட்டர் இல்லாத வீட்டிலும் பிள்ளைகள் டைப் அடித்துப் பழகலாம்.

பேய் எழுத்து!

சில நேரம் அழுத்தாத எழுத்து தானாக வந்து நிற்கும். பயப்பட வேண்டாம். பேயும் இல்லை, பிசாசும் இல்லை.

நேரு வீதி - மிஷன் வீதி சந்திப்பு. நேரு வீதி - காந்தி வீதி சந்திப்பு. ரங்கப்பிள்ளை வீதி - மிஷன் வீதி சந்திப்பு. இந்த மூன்று இடங்களிலும் விசைகளை ஒரே சமயத்தில் அழுத்தியதாக வைத்துக் கொள்ளுங்கள். ரங்கப்பிள்ளை வீதியில் அனுப்பிய மின்சாரம் மிஷன் வீதியில் திரும்பி, நேரு வீதியைப் பிடித்து, காந்தி வீதிக்கு வந்து விடும். "ஓகோ! ரங்கப்பிள்ளை வீதி - காந்தி வீதி விசையையும் அழுத்தி இருக்கிறார்கள்" என்று துபாஷி ஏமாந்து விடுவார்.

இதற்கு மருந்து, 'டயோடு'. அது மின்சாரத்துக்கு ஒருவழிப் பாதை. ஒவ்வொரு விசைக்கும் ஒரு டயோடு வைத்தால் மின்சாரம் எதிர்த் திசையில் வராது. பேய் ஓடி விடும். பழைய பலகைகள் பலவற்றில் டயோடு கிடையாது. கடிதம் எழுதுவதற்கு அது பெரிய குறை அல்ல. மூன்று விசைகளைச் சேர்ந்தாற்போல் அழுத்துபவர் எத்தனை பேர்?

இன்னொரு தொல்லையும் உண்டு. ஒரு தடவை அழுத்தினால் எழுத்து இரண்டு தடவை வரும். விசை தொடும்போது ஒரு கண நேரம் துள்ளுவதால் இப்படி ஆகிறது. துபாஷியை 5 மில்லி விநாடி பொறுக்கச் சொன்னால் பெரும்பாலும் சரியாகி விடும். ஒரு விநாடியை ஆயிரம் பங்காக்கினால், அதில் 5 பங்கு!

போவது எழுத்து அல்ல, எண்!

இப்போதுதான் பெரிய அதிசயம் வருகிறது.

விசையை அழுத்தினால் கம்ப்யூட்டருக்கு எழுத்து போகிறது என்று நினைக்கிறோம். இல்லை. எண்தான் போகிறது! ஆங்கில 'ஏ' விசைக்கு எண் 4. 'கே' விசைக்கு எண் 14. 'க்யூ' விசைக்கு எண் 20. உலகம் முழுவதும் இந்தக் கணக்குத்தான். அந்த எண்ணுக்கு எந்த எழுத்து என்பதைக் கம்ப்யூட்டர் தீர்மானிக்கிறது.

புதுச்சேரியில் பிரெஞ்சு படிப்பவர்களுக்கு இது பழகிய சங்கதி. ஆங்கிலப் பலகையில் 'க்யூ' இருக்கும் இடத்தில் பிரெஞ்சுப் பலகையில் 'ஏ' இருக்கும். 'ஏ' இருக்கும் இடத்தில் 'க்யூ' இருக்கும். 20 என்ற எண் போனால் ஆங்கில முறையில் 'க்யூ' வரும். கம்ப்யூட்டரைப் பிரெஞ்சுக்கு மாற்றி விட்டு அதே 20-ஐ அனுப்பினால் 'ஏ' வரும். பலகை ஒன்றுதான். பாஷைதான் வேறு.

தமிழுக்கும் அப்படியே. 1999-ல் சென்னையில் நடந்த 'தமிழ்நெட் 99' மாநாட்டை ஒட்டித் தமிழ்நாடு அரசு 'தமிழ் 99' என்ற விசைமுறையை ஏற்றுக்கொண்டது. அதில் இடக்கைப் பக்கம் பெரும்பாலும் உயிரெழுத்துகள். வலக்கைப் பக்கம் பெரும்பாலும் மெய்யெழுத்துகள். 'ஏ' விசையில் அ. 'கே' விசையில் ம. 'க்யூ' விசையில் ஆ. ஒரே மெய்யை இரண்டு முறை தட்டினால் முதல் எழுத்துக்குப் புள்ளி தானாக விழும்.

கம்ப்யூட்டரைத் 'தமிழ் 99'-க்கு மாற்றிக் கொள்ளுங்கள். பழைய பலகையில் 'ஏ', 'கே', 'கே', 'க்யூ' என்று நான்கு முறை தட்டுங்கள். துபாஷி 4, 14, 14, 20 என்று சொல்லும். திரையில் என்ன வரும் தெரியுமா?

'அம்மா'!

ஜப்பான் பிள்ளைகளுக்காகச் செய்த பலகை. அதன் மேல் ஒரு தமிழ் எழுத்துகூட இல்லை. அது இன்று 'அம்மா' என்று எழுதுகிறது.

ஜாக்கிரதை!

சில எச்சரிக்கைகளை மறக்கக் கூடாது.

டி.வி. கேம் கைப்பிடியின் 9 துளை முனை, பழைய கம்ப்யூட்டர்களின் பின்னால் இருக்கும் 9 ஊசி முனையில் அழகாகப் பொருந்தும். உருவத்தைப் பார்த்து ஏமாந்து செருக வேண்டாம். அந்த முனையில் 12 வோல்ட் வரை மின்சாரம் வரலாம். பொருள் கெட்டு விடும்.

பெட்டியின் பழைய 'அடாப்டர்' மின்சாரத்தையும் யு.எஸ்.பி. மின்சாரத்தையும் ஒரே நேரத்தில் கொடுக்காதீர்கள்.

பற்றவைக்கும் கோல் நெருப்பாகச் சுடும். பழைய பற்றில் ஈயம் இருக்கும். பெரியவர்கள் பக்கத்தில் இல்லாமல் பிள்ளைகள் தொடக்கூடாது. வேலை முடிந்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவவேண்டும்.

ஜப்பானில் செய்த அசல் பலகை கையில் கிடைத்தால் அதை வெட்டாதீர்கள். அது அபூர்வமான பொருள். அதன் முனைக்குப் பொருந்தும் மறுமுனையை வாங்கி மாட்டினால் போதும்.

எல்லாப் பலகைக்கும் துபாஷி தேவையில்லை என்பதையும் சொல்லவேண்டும். 2000-ல் வந்த 'பிளேஸ்டேஷன்-2' பெட்டியிலேயே யு.எஸ்.பி. துளை வந்து விட்டது. அதற்காக வந்த யு.எஸ்.பி. விசைப்பலகையை நேராகவே மாட்டலாம். 1998-ல் வந்த 'டிரீம்காஸ்ட்' பெட்டியின் பலகைக்குத் துபாஷி வேண்டும்.

இதனால் என்ன லாபம்?

கணக்குப் பார்க்கிறவர்கள் கேட்கலாம். "புது விசைப்பலகை சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறதே! எதற்கு இத்தனை பாடு?"

நியாயமான கேள்வி. பணத்தில் பெரிய லாபம் கிடையாது. சிப், கம்பி, மீட்டர் எல்லாம் வாங்கினால் செலவு கூடினாலும் கூடும். டைப் அடிக்க ஒரு பலகை மட்டும் வேண்டும் என்பவர்கள் புதிதாகவே வாங்கி விடலாம்.

லாபம் வேறு இடத்தில் இருக்கிறது. புதுப் பலகையை மாட்டிய பிள்ளைக்குத் தட்டத் தெரியும். பழைய பலகைக்கு உயிர் கொடுத்த பிள்ளைக்குத் தட்டினால் என்ன நடக்கிறது என்று தெரியும். லிப்டில் உள்ள பொத்தான்களும், பாங்கு ஏ.டி.எம். பொத்தான்களும் எப்படி வேலை செய்யும் என்பதை அந்தப் பிள்ளை இனி யோசித்துப் பார்க்கும். புத்தகத்தில் பத்துப் பக்கம் படித்தாலும் ஏறாதது, ஒரு 'பீப்' சத்தத்தில் ஏறி விடும்.

இன்னொன்றும் உண்டு. மின் சாமான்களைக் குப்பையில் போடுவது நாட்டுக்கே பெரிய தலைவலி. ஒயரைக் கொளுத்திச் செம்பு எடுத்தால் நச்சுப் புகை வரும். மண்ணில் எறிந்தால் ஈயம் மண்ணோடு கலக்கும். இதற்காக மத்திய அரசு 2022-ல் புது விதிகளைக் கொண்டு வந்தது. 2023 ஏப்ரல் 1-ந் தேதி முதல் அவை நடைமுறைக்கு வந்தன. உடைந்து போன பலகையை அனுமதி பெற்ற மின்கழிவு நிலையத்தில் சேர்ப்பதுதான் முறை. உடையாத பலகையை வீசாமல் இருப்பது அதைவிட நல்லது.

500 ரூபாய் சேர்த்து, "பிள்ளை படிக்கட்டும்" என்று வாங்கிக் கொடுத்த பலகை அது. அந்தப் பிள்ளை இன்று வளர்ந்து, தானே தகப்பனாகவோ தாயாகவோ ஆகியிருக்கும். அன்று அந்தப் பலகை சொல்லிக் கொடுக்காமல் விட்ட பாடத்தை, இன்று அந்த வீட்டுப் பேரப்பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்கலாம்.

பரணில் ஏறிப் பாருங்கள். கிடைத்தால் தூசியைத் தட்டுங்கள். எடைக்குப் போடுவதற்கு முன் ஒரு துபாஷியைத் தேடிக் கொடுங்கள்!